கோபன்ஹேகனில் ஒரு சமபந்தி: விலை மிகுந்த ஊரில் குறைந்த செலவில் நன்றாக உண்ட பத்து வாரங்கள்

திருப்பாப்புலியூரில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவரின் மகனுக்கு, டென்மார்க் தலைநகரான கோபன்ஹேகனில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. செய்தி வந்த அன்று மாலையே அந்தத் தாய் இனிப்புப் பெட்டியோடு வந்துவிட்டார். பெட்டியை என் கையில் கொடுத்த வேகத்தில், "அக்கா, நீங்கதான் அந்த ஊர்ல இருந்துட்டு வந்தவங்க. ஒரு வேளைச் சாப்பாடே மூவாயிரம் ரூபாய்னு சொல்றாங்களே, பிள்ளை வயித்துக்கு என்ன பண்ணுவான்?" என்று கேட்டார். அன்று அவருக்கு வாய்மொழியாகச் சொன்னதை, கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்புகிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை பத்து வாரங்கள், அங்கே வேலை பார்க்கும் என் மகளுடன் தங்கியிருந்தேன். அதற்கு முன் கடலூர் மாவட்டத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் வகுப்புக் குழந்தைக்கு 150 கிராம் என்று அளந்து போட்டே வாழ்நாளில் பாதி கழிந்ததால், எந்த ஊரில் எந்தத் தட்டைப் பார்த்தாலும் அதில் பருப்பு எவ்வளவு, காய் எவ்வளவு, அதைச் சமைத்து இறக்க எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்ற கணக்குத்தான் எனக்கு முதலில் ஓடும். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் நான் உண்பதில்லை. மீனும் முட்டையும் உண்டு. சனிக்கிழமைகளில் கவுச்சி இல்லை. இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு என் மதிப்பீட்டைப் படிக்க வேண்டுகிறேன்.

போய் இறங்கிய மூன்றாம் நாள், ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று மகள் என்னை நியூஹவ்ன் கால்வாய்க்கரைக்கு அழைத்துச் சென்றாள். வண்ண வண்ணமான பழைய வீடுகளின் அழகில் மயங்கி, அங்கேயே ஓர் உணவகத்தில் உட்கார்ந்துவிட்டோம். இருவருக்கும் ஒவ்வொரு மீன் தட்டு, ஒரு காபி, குழாய்த் தண்ணீர் ஒரு குடுவை. பில் 468 குரோனர் வந்தது. அப்போது ஒரு குரோனர் 12 ரூபாய்க்குச் சற்று மேல் இருந்ததால், நம் கணக்கில் 5,700 ரூபாயைத் தாண்டியது. தண்ணீருக்கும் தனியே விலை போட்டிருந்தார்கள். அந்த ஊர் உணவகங்களில் குழாய்த் தண்ணீருக்குக் காசு வாங்குவது பரவலான வழக்கம் என்று மகள் பிறகு சொன்னாள். மீன் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளங்கையில் பாதி அளவு மீனும் நான்கு உருளைக்கிழங்கும் உண்டு எழுந்தபோது எனக்குப் பசி அடங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அந்தப் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். டென்மார்க்கில் 'மொம்ஸ்' எனப்படும் விற்பனை வரி ஏறக்குறைய எல்லாப் பொருளுக்கும் 25 விழுக்காடு. அரிசிக்கும் பாலுக்கும்கூடக் குறைந்த விகிதம் கிடையாது. அப்படியானால் நாம் கொடுக்கும் தொகையில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு வரி. நம் ஊர் ஓட்டல் சாப்பாட்டுக்கு 5 விழுக்காடு கட்டியே பழகிய நமக்கு இது பெரிய தொகை. அடுத்தது ஆள் கூலி. சட்டப்படி நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி அந்த நாட்டில் இல்லை. தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் பேசி முடிக்கும் ஒப்பந்தமே கூலியைத் தீர்மானிக்கிறது. அது உயர்வாகவே இருக்கிறது, தட்டு எடுத்து வருபவரும் குடும்பத்தோடு கௌரவமாக வாழ்கிறார். அதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் நாம் உட்கார்ந்த இடத்துக்கு ஒருவர் உணவைக் கொண்டுவந்து வைத்து, உண்டபின் எடுத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் அதற்கான விலை தட்டில் ஏறிவிடுகிறது. பொருளைப் பார்த்தால் காரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, ஓட்ஸ், பருப்பு ஆகியவை அங்கே அப்படியொன்றும் விலை கூடியவை அல்ல. அந்த ஊரில் விலை கூடியது பிறருடைய கை உழைப்பு. நம் கையைக் கொடுக்க ஆயத்தமாக இருக்கும் இடங்களிலெல்லாம் நல்ல உணவு நியாயமான விலைக்குக் கிடைக்கிறது என்பதை அதன் பிறகு வாரந்தோறும் கண்டேன்.

அப்படிக் கண்டவற்றில் முதலிடம், வெஸ்டர்ப்ரோ பகுதியில் சொன்னர் புல்வார் என்ற அகன்ற சாலையில் இருக்கும் அப்சலோனுக்கே. முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம் அது. வழிபாடு நின்றுபோன பிறகு, டைகர் என்ற மலிவு விலைக் கடைகளைத் தொடங்கிய லெனார்ட் லாய்போஷிட்ஸ் அதை வாங்கி, 2015இல் அக்கம்பக்கத்து மக்கள் கூடும் கூடமாகத் திறந்தார். நகரைத் தோற்றுவித்தவராகக் கருதப்படும் அப்சலோன் என்ற பேராயரின் பெயரையே கட்டடம் இன்னும் தாங்கி நிற்கிறது. பகலில் அங்கே மேசைப்பந்து ஆடுகிறார்கள், மண்பாண்டம் செய்யக் கற்கிறார்கள், வேலையற்ற நேரத்தில் வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். மாலை ஆறு மணிக்குக் கூடம் முழுவதும் நீள மேசை போட்டுப் பந்தி. டேனிய மொழியில் இதை 'ஃபெல்லெஸ்பீஸ்னிங்' என்கிறார்கள். கூடி உண்ணுதல் என்று பொருள். நம்மிடம் இதற்கு இன்னும் நல்ல சொல் இருக்கிறது: சமபந்தி.

முதல் முறை போனபோது நாங்கள் ஐந்தரைக்கே சென்று வரிசையில் நின்றோம். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் வாங்கியிருந்தோம். வார நாளில் ஓர் ஆளுக்கு 60 குரோனர் அளவில், அதாவது ஏறத்தாழ 740 ரூபாய். வெள்ளி, சனிக் கிழமைகளில் விலை கூடுதல். மேசைக்கு எட்டுப் பேர். யாருடன் உட்கார வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வதில்லை; தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல் காலியான இடத்தில் அமர வேண்டும். எங்கள் மேசையில் வயதான ஓர் அம்மையார், அவருடைய கணவர், இரண்டு கல்லூரி மாணவர்கள், ஐந்து வயதுச் சிறுமியுடன் ஒரு தகப்பனார், பிறகு நாங்கள் இருவர்.

ஆறு மணி ஆனதும் ஒருவர் ஒலிபெருக்கியில் அன்றைய உணவைப் பற்றிச் சொன்னார். உடனே மேசைக்கு ஓர் ஆள் எழுந்து சமையலறை முகப்புக்குப் போய்த் தன் மேசைக்கான பாத்திரங்களை வாங்கி வந்தார். எங்கள் மேசைக்கு நான் எழுந்தேன். கனமான மண் நிறப் பீங்கான் சட்டியில் பழுப்புப் பயறும் வேர்க்காய்களும் சேர்ந்த குழம்பு, ஒரு பெரிய கிண்ணத்தில் மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோசும் ஆப்பிளும், இன்னொன்றில் வேகவைத்த பார்லி, ஒரு கூடை புளித்த மாவு ரொட்டி. சட்டியின் சூடு துணியையும் மீறிக் கையில் ஏறியது. நான் குழம்பைக் கரண்டியால் ஒருமுறை அடியோடு கலக்கிப் பார்த்தேன், பழக்கம் விடவில்லை. பயறு குழையாமல் வெந்திருந்தது, அடி பிடித்த வாசனை இல்லை, மேலே கிடந்த காயின் அளவே அடியிலும் இருந்தது. பலருக்குச் சமைக்கும்போது இந்த மூன்றும் ஒருசேர அமைவது எவ்வளவு கடினம் என்பது அண்டாவின் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். எட்டுப் பேருக்கான சட்டியில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெரிய கரண்டி வந்தது. அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தது. மாணவர் இருவரும் மூன்றாம் முறை போட்டுக்கொண்டார்கள், யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

சுவை எப்படி என்று கேட்பீர்கள். மிளகாய்க் காரத்தை எதிர்பார்த்துப் போகக் கூடாது. அந்தச் சமையலில் புளிப்பும் இலைகளின் மணமும்தான் முன்னே நிற்கும். உப்பு அளவாக இருந்தது. பயற்றில் தைம் என்ற இலையின் வாசனையும், முட்டைக்கோசில் கடுகின் மெல்லிய உறைப்பும் இருந்தன. வயிற்றில் எரிச்சல் இல்லாமல், இரவு பத்து மணி வரை பசியெடுக்காமல் இருந்தது. புலால் இல்லாத உணவு வேண்டும் என்றால் சீட்டு வாங்கும்போதே அன்றைய உணவு என்ன என்று பார்த்து, கேட்டுக்கொள்வது நல்லது.

எதிரே இருந்த பெரியவர் நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார். சென்னைக்குத் தெற்கே கடற்கரை ஊர் என்று மகள் சொன்னதும், "ட்ரான்கெபார்?" என்று அவர் திருப்பிக் கேட்டார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை, பிறகு மெய்சிலிர்த்தது. கடலூரிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் வரும் நம் தரங்கம்பாடியைத்தான் சொன்னார். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு அங்கே கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கும் வரை அந்த ஊரை வைத்திருந்தவர்கள் டேனியர்கள். அதை அவர் பள்ளியில் படித்திருக்கிறார். அடுத்த முறை போனபோது பண்ருட்டி வறுத்த முந்திரியில் ஒரு பொட்டலம் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அன்று மேசையில் வேறு ஆட்கள், ஆனாலும் பொட்டலம் ஐந்து நிமிடத்தில் காலியாயிற்று.

உண்டு முடித்ததும் தட்டுகளை அடுக்கி, மிச்சத்தை வழித்து, கழுவும் இடத்தில் கொண்டுபோய் வைப்பது நம் வேலை. மேசையைத் துடைப்பதும் நாமே. விலை குறைந்திருப்பதன் காரணம் இதிலேயே தெரிகிறது: ஒரே அண்டாச் சமையல், ஒரே நேரம், ஒரே உணவு, பரிமாறவும் எடுக்கவும் தனி ஆள் கிடையாது. எங்கள் மாவட்டத்தில் வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. அங்கே வருவோரிடம் காசு வாங்குவதில்லை என்பது பெரிய வேறுபாடு. அதையும் இதையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நீ யார், எந்த நாடு, என்ன வேலை என்று கேட்காமல் பக்கத்தில் இடம் விட்டு அமர்ந்து உண்ணும் அந்த உணர்வை வடலூருக்கு வெளியே இவ்வளவு இயல்பாக நான் அனுபவித்தது அங்கேதான். பத்து வாரங்களில் ஏழு முறை போனோம். தனியாக அறையெடுத்துத் தங்கப்போகும் பிள்ளைகளுக்கு, வாரத்தில் ஒரு மாலையாவது பிறரோடு அமர்ந்து சூடாக உண்பது உணவைவிடப் பெரிய மருந்து என்று நினைக்கிறேன்.

இதே முறையில் மக்கள் சமையற்கூடங்கள் நகரின் வேறு பகுதிகளிலும் நடக்கின்றன. எல்லாம் ஒரே தரம் என்று நம்பிவிட வேண்டாம். ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை போயிருந்தோம். காய்கறி உணவு உண்டு என்று முன்பே உறுதி கேட்டுக்கொண்டுதான் சென்றோம். எங்கள் முறை வந்தபோது அது தீர்ந்துவிட்டது, மிஞ்சியது பன்றி இறைச்சி சேர்ந்ததுதான். வெறும் ரொட்டியும் சாலடும் உண்டு திரும்பினோம். சமைத்தவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், நல்ல மனிதர்கள், பலமுறை வருந்திச் சொன்னார்கள். இருந்தாலும் எத்தனை பேர் எந்த உணவு கேட்டார்கள் என்ற பதிவேடு இல்லாமல் பலருக்குச் சமைக்கக் கூடாது. அதில் நான் சமாதானம் ஆகவில்லை.

அடுத்துச் சொல்ல வேண்டியது வீஃபூட் என்ற கடை. மகள் குடியிருக்கும் பகுதி அமாகர் தீவில் இருக்கிறது. எழுதுவது அப்படி, அவர்கள் சொல்லும்போது பாதி எழுத்து காதில் விழாது. அந்தத் தீவில்தான் 2016 பிப்ரவரியில் இந்தக் கடையின் முதல் கிளை திறக்கப்பட்டது. டேனியத் திருச்சபையின் உதவி அமைப்பு ஒன்று நடத்துகிறது. பெட்டி நசுங்கியது, சிட்டை தவறாக ஒட்டியது, 'இத்தேதிக்கு முன் சிறந்தது' என்று அச்சிட்ட நாள் கடந்தது, பண்டிகை முடிந்து தேங்கியது ஆகிய பொருள்களைப் பெரிய கடைகளிடமிருந்து பெற்று, வழக்கமான விலையைவிட நன்றாகக் குறைத்து விற்கிறார்கள். கல்லாவில் இருப்பவர்களும் அடுக்குபவர்களும் தன்னார்வலர்கள். வரும் வருவாய் ஏழை நாடுகளில் பசி போக்கும் பணிக்குப் போகிறது.

நாள் கடந்த பொருளை வாங்குவதா என்று நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதால் இதை விளக்க வேண்டும். அங்கே இரண்டு வகைத் தேதி உண்டு. இறைச்சி, மீன் போன்ற விரைவில் கெடும் பொருள்களுக்கு 'கடைசியாகப் பயன்படுத்த வேண்டிய நாள்' என்று போடுகிறார்கள். அந்த நாள் கடந்தால் விற்கக் கூடாது, உண்ணவும் கூடாது. ஓட்ஸ், பாஸ்தா, பருப்பு, பிஸ்கட் போன்றவற்றுக்கு 'இத்தேதிக்கு முன் சிறந்தது' என்று இருக்கும். அது மணமும் மொறுமொறுப்பும் பற்றிய உறுதி, நஞ்சாகிவிடும் என்ற எச்சரிக்கை அல்ல. 2019 முதல் பல நிறுவனங்கள் அதன் கீழே 'பின்னும் பெரும்பாலும் நன்று' என்ற வரியையும் சேர்த்து அச்சிடுகின்றன. சத்துணவுக் கூடத்தில் சரக்கு வந்திறங்கும்போது நாங்கள் மூட்டையைப் பிரித்து, கையில் அள்ளி, முகர்ந்து, வண்டு பார்த்துத்தான் வாங்குவோம். அந்தப் பழக்கமே இங்கும் போதும். வீஃபூட்டில் ஒரு நாள் மைசூர்ப் பருப்பு அள்ளிக்கொள்ளலாம் போலக் கிடக்கும், அடுத்த நாள் அலமாரியில் தேநீரும் ஊறுகாயும் மட்டுமே இருக்கும். பட்டியல் எழுதிக்கொண்டு போகும் கடை அன்று. கிடைத்ததைப் பார்த்து அன்றைய சமையலை முடிவு செய்யத் தெரிந்தவர்களுக்கான கடை. எங்களுக்கு அது மிகவும் பொருந்தியது.

மிச்சப் பொருளைக் காப்பாற்றும் இன்னொரு வழி, கைபேசிச் செயலியான டூ குட் டு கோ. 2015இல் கோபன்ஹேகனிலேயே பிறந்தது. அடுமனையோ உணவகமோ கடையடைக்கும் நேரத்தில் விற்காமல் மிஞ்சியதை ஒரு பையில் போட்டு, உண்மை விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொடுக்கும். உள்ளே என்ன இருக்கும் என்று முன்னதாகத் தெரியாது. குறித்த அரைமணி நேரத்துக்குள் நாமே போய் வாங்க வேண்டும். காய்கறிக் கடைப் பை எங்களுக்கு நன்றாக அமைந்தது. ஒருமுறை 45 குரோனருக்கு இரண்டு காலிஃபிளவர், கொத்தாகக் காரட், சற்று வாடிய கீரை, ஆறு எலுமிச்சை வந்தன. அடுமனைப் பை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மழை நாளில் நாற்பது நிமிடம் பேருந்தில் போய் வாங்கிய பையில், ரொட்டி என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லாமல், சர்க்கரைப் பாகு பூசிய ஒன்பது பலகாரங்கள் இருந்தன. சர்க்கரை நோயாளியான எனக்கு அதில் ஒன்றுகூட ஆகாது. இன்னொரு கடை நாங்கள் போய் நிற்கும்போதுதான் இன்று ஒன்றும் மிஞ்சவில்லை என்று ரத்து செய்தது. பணம் திரும்பி வந்துவிட்டது, இரவு உணவு வரவில்லை. ஆகவே இதைக் கூடுதல் வரவாக வைத்துக்கொள்ளலாமே தவிர, இதை நம்பி அடுப்பைப் பற்றவைக்காமல் இருக்கக் கூடாது.

அன்றாடச் சமையலுக்கு நெட்டோ, ரேமா 1000, லிடில் ஆகிய மலிவு விலை அங்காடிகள்தான் துணை. 'இரண்டு வாங்கினால் மூன்றாவது குறைவு' என்ற வகைத் தள்ளுபடியை ரேமா 1000 டென்மார்க்கில் 2008இலேயே நிறுத்திவிட்டது. தனியாளாக இருக்கும் மாணவர் தேவைக்கு மேல் வாங்கி வீணாக்காமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. எல்லா அங்காடிகளிலும் தேதி நெருங்கிய பொருள்மேல் விலை குறைத்த சிட்டை ஒட்டுகிறார்கள். மாலையில் அந்த அடுக்கை முதலில் பார்த்துவிட்டு மற்றதற்குப் போவதை மகள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். எங்கள் இருவருக்கும் வாரச் செலவு 650 முதல் 750 குரோனருக்குள் அடங்கியது. நோட்டில் நாள்தோறும் எழுதி வைத்திருக்கிறேன்.

இந்த அங்காடிகளின் பால் அடுக்கில் நம் வீட்டுப் பொருள்கள் வேறு பெயரில் உட்கார்ந்திருக்கின்றன. 'டிக்மெல்க்' என்பது உறைந்த, மெல்லிய புளிப்புள்ள பால். நம் தயிரின் நெருங்கிய உறவு. சோற்றைக் குழைய வடித்து, ஆறவிட்டு, டிக்மெல்க் விட்டுப் பிசைந்து, கடுகும் இஞ்சியும் தாளித்துக் கொட்டினால் எனக்குக் கண்ணில் நீர் வந்தது. 'கேர்னமெல்க்' என்பது மோர். லிட்டர் அட்டைப்பெட்டியில் குறைந்த விலைக்கு வருகிறது. அதில் வெள்ளைப் பூசணிக்குப் பதில் வெள்ளரிக்காய் போட்டு மோர்க்குழம்பு வைத்தேன். சற்றுக் கெட்டியான மோர் என்பதால் கொதிக்க விடாமல் நுரை கட்டியவுடன் இறக்க வேண்டும். முதல் நாள் கவனிக்காமல் விட்டுத் திரித்துவிட்டேன்.

கடலூர்த் துறைமுகத்தில் விடிகாலையில் கூடையோடு மீன் வாங்கிய கைக்கு, அங்கே பசுமீன் விலை எட்டாது. அதற்கு ஈடாக டேனியர்கள் அன்றாடம் உண்ணும் ஒரு பொருள் இருக்கிறது: தக்காளிச் சாற்றில் அடைத்த கானாங்கெளுத்தி டின். வட கடல் இனம் நம்முடையதைவிடக் கொழுப்பு மிகுந்தது. அவர்கள் அதை ருப்ரோ எனப்படும் கம்பு நிறக் கறுப்பு ரொட்டியின்மேல் அப்படியே வைத்து உண்கிறார்கள். நான் சாற்றை வடித்துத் தனியே வைத்துவிட்டு, வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி வதக்கி, மீனை உதிர்த்துப் போட்டுச் சுறாப்புட்டுப் போலக் கிளறினேன்; வடித்த சாறு மறுநாள் ரசத்துக்குப் போயிற்று. இரண்டு டின்னில் இருவருக்கு இரண்டு வேளை. ருப்ரோவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ரை என்ற தானியத்தில் புளிக்கவைத்துச் செய்யும் கனத்த ரொட்டி. முதல் வாய் ஈரக் களிமண் போலத் தோன்றும். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர்களுக்கு மூன்றாம் நாளில் பிடித்துவிடும், ஏனென்றால் களியைப் போலவே அது வயிற்றில் நின்று வேலை செய்கிறது. பள்ளிக் குழந்தைகளும் அலுவலகம் போவோரும் இந்த ரொட்டியைத்தான் மதிய உணவாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். மாணவர்களுக்கு இதைவிட மலிவான மதிய உணவு அங்கே இல்லை.

பொட்டலங்களில் 'ஸ்வீன' என்று தொடங்கும் சொல் பன்றி இறைச்சியையும் 'ஒக்ஸ' என்று தொடங்கும் சொல் மாட்டிறைச்சியையும் குறிக்கும். வேண்டாதவர்கள் இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். சிவப்பு நிறத்தில் குறுக்குக்கோடு போட்ட வட்டம் போன்ற எழுத்து (Ø) இருந்தால் அது அரசு மேற்பார்வையில் இயற்கை முறையில் விளைந்தது என்று பொருள். 1989இலிருந்து உள்ள முத்திரை, நம்பலாம். வீட்டுக் குழாய்த் தண்ணீர் நிலத்தடி நீர், அப்படியே குடிக்கலாம். புட்டித் தண்ணீர் வாங்கவே தேவையில்லை. பானம் வாங்கினால் புட்டிக்கு 1, 1.50, 3 குரோனர் என்று ஈட்டுத்தொகை சேர்த்து வாங்குகிறார்கள். காலிப் புட்டியை அங்காடி வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். வெளியில் சுற்றும்போது பசித்தால் நோரப்ரோ பகுதியில் அரபு நாட்டவர் கடைகளில் ஃபலாஃபெல் சுருட்டி ரொட்டி நல்லது. நம் பருப்பு வடையின் தம்பி, ஒன்று போதும்.

ஈழத் தமிழர்கள் 1980களிலிருந்து அந்த நாட்டில் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் யூட்லாந்துப் பகுதியில் இருந்தாலும் தலைநகரிலும் ஒரு கடையைக் கண்டுபிடித்தோம். உள்ளே நுழைந்ததும், "வாங்கோ அக்கா, முருங்கைக்காய் இண்டைக்குத்தான் வந்தது" என்ற குரலைக் கேட்டதற்கே இன்னொரு முறை போகலாம். புளி, உளுந்து, இட்லி அரிசி எல்லாம் கிடைக்கும். விலை அங்காடியைவிடக் கூடுதல். மாதம் ஒருமுறை போனால் போதும்.

ஊரிலிருந்து எடுத்துப்போவதிலும் விதி இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நெய், பால்கோவா, தயிர் உள்ளிட்ட பால் பொருள்களையும் இறைச்சியையும் பயணப்பையில் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் காய், கனிகளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழை, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. தெரியாமல் போய் விமான நிலையத்தில் நெய்ச்சட்டியை இழந்தவர்களை எனக்குத் தெரியும். மசாலாப் பொடி, வறுத்த முந்திரி, வடகம் ஆகியவற்றை என் பையில் கொண்டுபோனேன், இடையூறு ஏதும் நேரவில்லை.

இந்த ஏற்பாடு எல்லாருக்கும் ஒத்துவராது என்பதையும் அந்தத் தாயிடம் மறைக்கவில்லை. பூண்டு, வெங்காயம் தொடாதவர்களுக்குப் பொதுப்பந்தி சரிப்படாது. இரவு ஒன்பது மணிக்கு முன் உண்ண முடியாதவர்களுக்கும் சிரமம், ஆறு மணிக்கு அங்கே ஊரே உண்ண உட்கார்ந்துவிடுகிறது. தட்டைக் கழுவும் இடம் வரை தூக்கிக்கொண்டு போவதைக் குறைவாக நினைப்பவர்கள் அந்த ஊரில் ஒவ்வொரு வேளைக்கும் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். அவர் மகன் அப்படி வளர்ந்த பிள்ளை அல்லன். "அவன் வீட்டுல தட்டைக் கழுவித்தான் வைப்பான் அக்கா" என்று அவரே சொன்னார். சென்று சேர்ந்த முதல் வாரத்திலேயே அப்சலோனில் ஒரு சீட்டு வாங்கச் சொல்லி, நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சின்ன வெங்காயம் நறுக்கி, உளுந்தும் கடுகும் சேர்த்துப் பிடித்த தாளிப்பு வடகம் இப்போது அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. விளக்கெண்ணெய் தொட்டு உருட்டியது, மாதத்துக்கு எட்டு உருண்டை வீதம் பத்து மாதத்துக்கு எண்பது.